சிஞ்சாலோக் வாடை

காஜா பெராங் சடக்கில் மலாக்கா செட்டிகளின் குடியிருப்பான கம்போங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், வலது கைப்பக்கம் ஒரு பலகை வீட்டு வரிசை இருந்தது. அதன் கடைசி வீட்டில் கமலவேணி குடியிருந்தாள். மசாலா அரைத்து விற்பது அவள் பிழைப்பு. கோழி கூவுவதற்கு முன்பே அம்மியில் உட்கார்ந்துவிடுவாள். மீனுக்கு ஒரு உருண்டை, இறைச்சிக்கு ஒரு உருண்டை, மஞ்சள் தனி, மிளகு தனி என்று உருட்டி, சாயங்காலம் வரை கெடாமல் இருக்கக் கொஞ்சம் தாராளமாகவே உப்பும் சேர்த்து, தட்டில் அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு பசாருக்குப் போவாள். மலாய்க்காரப் பெண்களும் நோன்யா என்று சொல்லும் சீனத்துப் பெண்களும் மற்றத் தட்டுகளைத் தாண்டி அவளிடம் வந்து வாங்கிப் போவார்கள்.

கைப்பக்குவம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவளிடம் ஒரு குணம் இருந்தது. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அரிசியை இரண்டு தண்ணீரில் களைந்தால் போதும் என்றால் ஐந்து தண்ணீரில் களைவாள். வெள்ளிக்கிழமை விரதம் என்றால் வியாழக்கிழமை மத்தியானமே மீன் சட்டியைக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்துவிடுவாள். இப்படிப்பட்டவளிடம் ஒரு டாக்டர் எதையாவது சொல்லும்போது கொஞ்சம் அளந்து சொல்லியிருக்க வேண்டும். பாவம், அவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்.

அவள் புருஷன் மாணிக்கவாசகம் பஸ் கண்டக்டர். டவுனிலிருந்து குருபோங் பக்கம் போகும் பஸ்ஸில் வேலை. வாய் ஓயாத மனிதர். "உள்ள தள்ளி நில்லுங்க, வாசல்லயே நின்னு வரவேற்க இது என்ன கல்யாண வூடா" என்று தமிழில் ஒரு குரல், அதே மூச்சில் மலாய்க் கிழவிக்கு மலாயில் ஒரு குசலம், காய்கறிக் கூடையோடு ஏறும் சீனனுக்கு அவன் பாஷையில் ஒரு கிண்டல். கருத்த முகத்தில் பல்வரிசை பளிச்சென்று தெரியச் சிரிப்பார். ஜப்பான்காரன் போன மறு வருஷம், அப்பனோடு அந்த பஸ்ஸில் அடிக்கடி ஏறி இறங்கிய கமலவேணியை அவர் கட்டிக்கொண்டபோது, டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே பேசிப் பேசிப் பெண்ணைப் பிடித்துவிட்டான் என்று ஊர் சிரித்தது. ஊர் சொன்னது பொய்யில்லை.

பிள்ளை இல்லை. அது ஒரு குறைதான். ஆனால் அந்த வீட்டில் பேச்சுக்குக் குறையே இருந்ததில்லை. வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுப் பாயில் சாய்ந்ததும் மாணிக்கவாசகம் அன்றைக்கு பஸ்ஸில் ஏறினவர் இறங்கினவர் கதையையெல்லாம் ஆரம்பிப்பார். முகத்துக்கு முகம் வைத்துக்கொண்டுதான் சொல்வார். அம்மி அரைத்த அலுப்பில் அவளுக்குக் கண் சொருகும். அவர் விடமாட்டார். அவள் இமையில் மெல்ல ஊதி, "கேக்குறியா வேணி" என்பார். "கேக்குறேன், சொல்லுங்க" என்பாள். பாதி கேட்பாள், பாதி கேட்கமாட்டாள். கேட்காமல் விட்ட அந்தப் பாதிக்காகப் பிற்காலத்தில் அவள் ஏங்கிய ஏக்கத்தை என்னவென்று சொல்ல.

ஐம்பத்தைந்தாம் வருஷக் கடைசி மழையில் அவருக்கு உடம்பு கெட்டது. பஸ் படியில் ஏறினால் மூச்சு வாங்கியது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் காலில் வார் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. படுத்தால் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தது மாதிரி திணறி எழுந்து உட்கார்ந்துவிடுவார். கமலவேணி அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே கருணாகரன் என்று ஒரு டிரெஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது முதல் வெள்ளைக்கார டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது வரை எல்லாம் அவர் வேலைதான்.

"சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார் கருணாகரன்.

"வந்துச்சுங்க. தோட்டத்துல இருக்கப்ப."

"அது நெஞ்சுல தழும்ப வச்சிட்டுப் போயிருக்கு. இதயம் பலங்கெட்டுப் போச்சு. ரத்தத்த முழுசாத் தள்ள முடியல. அதான் தண்ணி தேங்கிக் கால் வீங்குது, மூச்சு முட்டுது. இது அறவே குணமாகிற சீக்கு இல்ல. ஆனா சொன்னபடி நடந்தா வருஷக்கணக்கா ஓட்டலாம்."

மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒரு தடவை நீர் பிரிய ஊசி போட வரச் சொன்னார்கள். தண்ணீர் அளவாகக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பே வேண்டாம் என்றார்கள். உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

உப்பு என்ற சொல் கமலவேணி காதில் விழுந்ததும் விழுந்தது, அன்றைக்கே வீட்டிலிருந்து உப்பு வெளியேறியது. உப்புச் சாடி, கருவாடு, ஊறுகாய், பிளாச்சான் என்னும் இறால் விழுது எல்லாம் போயின. அம்மியைக் கொல்லைப்புற வேலியோரம் கொண்டுபோய்ப் போட்டு அங்கே அரைத்தாள். அரைத்து முடித்து முழங்கை வரை கழுவாமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டாள். குளிக்கும் இடத்தில் ஒரு பழைய டின்னில் அடுப்புக்கரியையும் உப்பையும் இடித்து வைத்திருப்பார்கள். அதைத் தொட்டுத்தான் இரண்டு பேரும் பல் விளக்குவது. அதையும் எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள்.

மாணிக்கவாசகம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ புள்ள, அது பல்லு தேய்க்கிறதுதானே. நான் என்ன அதத் தின்னவா போறேன்?"

"வாய்க்குள்ள போறது வயித்துக்குள்ள போகாதா? கொப்புளிக்கிறப்ப ஒரு மொடக்கு உள்ள போனா யாரு பாக்கப் போறா?"

"அப்ப உப்புத்தண்ணி கொப்புளிக்கிறது?"

"அதுவும் வேணாம்."

அவர் சிரித்தார். "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வெறும் தண்ணீரில் வாயைக் கொப்புளித்துத் துப்பினார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். தனக்காக அவள் இவ்வளவு மெனக்கெடுகிறாளே என்று அவருக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

உப்பில்லாத சோறு யாருக்கு இறங்கும். இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளிவிடுவார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. கூலா மலாக்கா என்று ஊரே சொல்லும் தென்னங்கருப்பட்டியைக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தாள். ஊசியும் மாத்திரையும் சேர்ந்து வாய் வறண்டு போகிறது, தாகமாக இருக்கிறது என்பார். தண்ணீர் கொடுக்கப் பயம். அதற்கும் கருப்பட்டிதான். ஒரு துண்டை உடைத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொல்வாள். உப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, இதில் என்ன கெடுதி வந்துவிடப் போகிறது என்பது அவள் கணக்கு. காலையிலிருந்து படுக்கப் போகும்வரை அவர் வாயில் ஒரு துண்டு இனிப்பு கரைந்துகொண்டே இருந்தது. அன்பு கண்ணை மறைத்துவிட்டால் பக்கத்தில் நின்று யார் சொல்லித்தான் என்ன பிரயோசனம். சொல்லவும் அங்கே யாரும் இல்லை.

படுத்தால் மூச்சு முட்டுவதால் சன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி போட்டு அதிலேயே உட்கார்ந்து தூங்கினார். பஸ் வேலைக்குப் போவது நின்றது. பாய் அவளுக்கு மட்டும் என்றாகிவிட்டது. சுதந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டதென்று பண்டார் ஹிலிர் திடலில் சொன்ன அன்று, ஊரே லாரியிலும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் அங்கே போனது. அவருடைய பஸ்ஸும் பிதுங்கி வழிந்துகொண்டு வீட்டைத் தாண்டிப் போயிற்று. அவர் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மாணிக்கவாசகமாக இருந்தால் அந்த பஸ்ஸில் யார் யார் ஏறியிருப்பார்கள், எவன் டிக்கெட் வாங்காமல் ஒளிந்திருப்பான் என்று கற்பனையிலேயே ஒரு கதை சொல்லியிருப்பார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. மாசி மகத்துக்குத் தேர் செங் என்ற ஊர்க் கோயிலுக்குப் போன அன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் அவள் மூச்சுத் திணறல் என்றுதான் நினைத்தாள். பேசினால் இளைக்கும், அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் போகப் போக அவர் முகத்தையும் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். அவள் கிட்டே வந்தால் சன்னல் பக்கம் திரும்புவார். தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "ம்", "ம்ஹூம்" என்று பதில் சொல்வார். சிரிப்பு நின்றுபோயிற்று. வாய்க்கு ருசியாகத் தின்ன விடாததற்குக் கோபமா, உப்பில்லாச் சோறு போடுகிற பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லையா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. பக்கத்திலேயே இருக்கிற மனிதருக்காக இப்படியும் ஏங்க முடியுமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடக் குனிந்தபோது, அவர் துண்டை எடுக்கச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. அவளுக்குத் தெரிந்த வாடை. சிஞ்சாலோக்.

மலாக்காவில் சிஞ்சாலோக் தெரியாதவர் கிடையாது. பொடிக் கூனி இறாலை உப்பும் சோறும் போட்டுப் புட்டியில் அடைத்து ஊறவைப்பார்கள். மூடியைத் திறந்தால் தெரு முனை வரை அடிக்கும். வேண்டாதவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான், ருசி கண்டவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். மாணிக்கவாசகம் ருசி கண்டவர். பக்கத்து வீட்டுப் பீவி, பண்டார் ஹிலிரில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் சமதுவின் மனைவி, அதைச் செய்வதில் கெட்டிக்காரி. நல்ல காலத்தில் பீவி வேலிக்கு மேலே கிண்ணத்தை நீட்டுவாள், இவர் எலுமிச்சையும் வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு ஒரு கிண்ணத்தையும் வழித்துவிடுவார். முழுக்க முழுக்க உப்பு.

"பீவி வூட்டுக்குப் போனீங்களா?"

அவர் துண்டைத் தேடினார்.

"நான் பசாருக்குப் போன நேரம் பாத்து சிஞ்சாலோக்குத் தின்னீங்களா? சொல்லுங்க. வாடை அடிக்குது."

மாணிக்கவாசகம் அவளை ஒரு கணம் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தவர் மாதிரி தெரிந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, கொஞ்சம்தான்" என்றார்.

அன்று அவள் அழுத அழுகையை அந்த வரிசையில் எல்லாரும் கேட்டார்கள். அழுது முடித்து நேரே பீவி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எம் புருஷன் சாகணும்னு நேந்துக்கிட்டியா?"

பீவி மாவு பிசைந்த கையோடு வெளியே வந்தாள். "என்னக்கா பேசுறீங்க. அண்ணனுக்கு நான் ஒரு துளி கொடுக்கல. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்."

"அவரே ஒத்துக்கிட்டாரு. நீ ஏன் ஆணை போடுற?"

குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு சாட்சி என்ன பேச முடியும். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை அறுந்தது. வேலிக்கு மேலே கிண்ணம் வருவதும் போவதும் நின்றது.

அதற்குப் பிறகு கமலவேணி போலீஸ்காரி ஆகிவிட்டாள். பசாரில் பாதித் தட்டு விற்றதும் மீதியைக் கழித்த விலைக்குத் தள்ளிவிட்டு ஓடி வருவாள். வந்ததும் மோப்பம் பிடிப்பாள். ஒரு நாள் தலைவலி என்று வீட்டிலேயே கிடந்தாள். வாசற்படியை விட்டு அவர் நகரவே இல்லை. ஆனாலும் சாயங்காலம் அந்த வாடை அடித்தது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. வீட்டுக்குள்ளேயே புட்டியை ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். விறகுக் கட்டு, அரிசித் தகரம், முருகன் படத்துக்குப் பின்பக்கம் எல்லாம் துழாவினாள். புட்டி அகப்படவில்லை. அவர் நாற்காலியின் துணிக்குக் கீழே காகிதத்தில் சுருட்டிய கருப்பட்டித் துண்டுகள்தான் கிடைத்தன. அவள் ஆசை ஆசையாக உடைத்துக் கொடுத்தவை, கடிக்காமலே கிடந்தன. களவாகத் தின்ன உப்பு இருக்கும்போது நான் கொடுக்கிற இனிப்பு எதற்கு என்று நினைத்து அவற்றைக் கொண்டுபோய் அவர் முன்னால் கொட்டினாள். அவர் அவற்றைப் பொறுக்கி மறுபடி காகிதத்தில் சுருட்டினார்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். கால் வீக்கம் வடியவில்லை. ஊசி போட்டால் இரண்டு நாளைக்கு இறங்கும், மறுபடி ஏறும். கருணாகரன் கேட்பதற்கு முன்னே அவளே, "திருட்டுத்தனமா சிஞ்சாலோக்குத் திங்கிறாருங்க" என்று சொல்லிவிடுவாள். கருணாகரன் அதை டாக்டரிடம் இங்கிலீஷில் சொல்வார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு ஊசியைக் கூட்டுவார். காரணம் கிடைத்துவிட்ட பிறகு வேறு காரணத்தை யார் தேடுவார்கள். மாணிக்கவாசகம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எல்லார் திட்டையும் வாங்கிக்கொள்வார்.

இப்படி ஒரு வருஷம் ஓடிவிட்டது. மறு வருஷப் பொங்கல் கழிந்த கையோடு அவருக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானமானால் உடம்பு தூக்கிப் போடும். வலது கன்னம் உப்பிக்கொண்டது. கஞ்சி கூட இறங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சு இரைத்தது. அவரோடு வேலை பார்த்த பொன்னுதுரை பஸ்ஸை வீட்டு முன்னால் நிறுத்தி, ஏறியிருந்த சனங்களை இறங்கச் சொல்லிவிட்டு, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினான். இறங்கினவர்களில் ஒருத்தர் கூட முனகவில்லை. அந்த பஸ்ஸில் அவரைத் தெரியாதவர் யார்.

கருணாகரன் காய்ச்சல் பார்க்கக் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். "வாயத் திறங்கண்ணே."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அக்குளைக் காட்டினார்.

"வாயத் திறங்க, விளையாடாதீங்க" என்று கருணாகரன் தாடையைப் பிடித்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில் வாய் தானே திறந்தது. கருணாகரன் சற்றுப் பின்வாங்கினார். பிறகு விளக்கை இழுத்து உள்ளே பார்த்தார். ஈறெல்லாம் வீங்கிக் கருஞ்சிவப்பாகக் கிடந்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சீழ் கோத்திருந்தது. முன்பல் இரண்டும் காற்றில் ஆடுகிற அளவுக்கு ஆட்டம் கண்டிருந்தன. கடைவாயில் பல் இருந்த இடத்தில் கரிய குழிகள்.

கமலவேணி பின்னால் நின்றபடி பழைய பாட்டையே பாடினாள். "அவருக்கு அந்த சிஞ்சாலோக்குதாங்க…"

"சிஞ்சாலோக்கு இல்லம்மா" என்றார் கருணாகரன். "சீழு."

பல் டாக்டரை வரவழைத்தார்கள். சின்ன வயசுச் சீனர். பார்த்துவிட்டு, அவளைத் தனியே அழைத்து மலாயில் நிதானமாகப் பேசினார். வாயில் இப்படிச் சீழ் வைத்திருந்தால் அந்தக் கிருமி கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் இறங்கும், நல்ல நெஞ்சே அதைத் தாங்காது, ஏற்கெனவே தழும்பு விழுந்து களைத்துப்போன நெஞ்சு எப்படித் தாங்கும் என்றார். கால் வடியாததற்கும் காய்ச்சலுக்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றார். வாய் வறண்டு கிடந்தால் பல் சீக்கிரம் கெடும். அதில் நாள் முழுக்க இனிப்பும் ஊறிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். பிறகு, வீட்டில் எதைக் கொண்டு பல் விளக்குவீர்கள் என்று கேட்டார்.

அவள் சொன்னாள். டின்னைக் கொட்டினதைச் சொன்னாள். உப்புத் தண்ணீர் கொப்புளிக்க விடாததைச் சொன்னாள். கருப்பட்டியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

பல் டாக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். துப்பிவிடுகிற உப்பால் ஒரு கெடுதியும் இல்லை, உப்பே வேண்டாமென்றாலும் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கடையில் இருக்கிறதே, தேய்க்காமல் விட்டதுதான் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சிஞ்சாலோக்குத் திங்கவே இல்லியா?"

"இல்ல" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"அப்புறம் ஏன் தின்னேன்னு சொன்னீங்க?"

துண்டுக்குள்ளிருந்து மெல்லப் பேசினார். "வாய் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா நீ பல்லு புடுங்க இழுத்துட்டு வந்துருவ. நெஞ்சு சீக்குக்காரனுக்குப் பல்லப் புடுங்குனா ரத்தம் நிக்காது, அதோட போயிருவான்னு டிப்போவுல சொல்லிக்குவாங்க. பயம். அன்னைக்கு நீயே சிஞ்சாலோக்குன்னு சொன்ன. சரி, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். உங்கிட்டத் திருடன்னு பேரு வாங்கலாம் வேணி. நாத்த வாயன்னு வாங்க முடியுமா?"

திருடன் என்று எத்தனை பேர் முன்னால் சொன்னாள். கருணாகரனிடம், டாக்டரிடம், பீவியிடம், வரிசையில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும். ஒரு நாளாவது அந்தத் துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மோப்பம் பிடித்தாள், பார்க்கவில்லை.

பென்சிலின் ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கினார்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் அதே ஊசியைப் போட்டு, இரண்டும் மூன்றுமாகப் பல்லை எடுத்தார்கள். இரத்தம் நின்றது. டிப்போவில் சொன்னதெல்லாம் வெறும் புளுகு. ஆனால் அந்த வாயில் காப்பாற்ற ஒரு பல் கூட மிஞ்சவில்லை. அத்தனையும் போயிற்று. கால் வீக்கம் வடிந்தது, மூச்சு கொஞ்சம் சீரானது. நெஞ்சுச் சீக்கு இருக்கத்தான் செய்யும், அது போகாது என்று கருணாகரன் மறுபடியும் சொன்னார். கமலவேணிக்கு அது தெரியும்.

வீட்டுக்கு வந்த அன்றே அவள் பீவி வாசலில் போய் நின்றாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பீவி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கக்கா. ஒரு வருஷமா எனக்கும் அந்த சிஞ்சாலோக்கு எறங்கவே மாட்டேங்குது" என்றாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். அது அப்படி முடிந்தது.

தலையணைகளை மலை மாதிரி அடுக்கிச் சாய்ந்தால் மாணிக்கவாசகத்தால் இப்போது பாயில் இருக்க முடிந்தது. சாய்வு நாற்காலியைப் பீவியே வாங்கிக்கொண்டு போனாள். ஆனால் அவர் பேசவில்லை. துண்டு போய்க் கை வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். எதைக் கேட்டாலும் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு, பொக்கை வாய் தெரியாமல் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார். கட்டுப்பல் வைத்துக்கொள்ளலாம், ஈறு ஆறட்டும் என்றார்கள். அதுவரைக்கும் அவளால் பொறுக்க முடியுமா. ஒரு வருஷம் பொறுத்தாகிவிட்டது.

ஆகஸ்டு மாதக் கடைசி நாள், சுதந்திரம் வந்த அன்று, காஜா பெராங் முழுக்கப் பண்டார் ஹிலிர் பக்கம் போய்விட்டது. செட்டிகள் கம்போங்கிலும் ஆள் நடமாட்டம் இல்லை. பீவி கூட அப்துல் சமது கடை முன்னால் கொடி கட்டப் போயிருந்தாள். கமலவேணியை எல்லாரும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. மத்தியான வெயில் சன்னல் வழியாகப் பாயில் விழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் பட்டாசுச் சத்தம் கேட்டது.

"பொன்னுதுரை பஸ்ஸுக்கு மாலை போட்டு ஓட்டுறானாம்" என்றாள்.

"ம்" என்றார் கைக்குள்ளிருந்து.

"இன்னிக்கு ஓசி டிக்கெட்டுதான் நெறைய இருக்கும்."

"ம்."

அவள் எழுந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். முகத்துக்கு முகம். "கைய எடுங்க" என்றாள்.

"வேணாம் புள்ள. பல்லில்லாத வாயி. பாக்க நல்லாருக்காது."

"பல்லா எங்கிட்டப் பேசுச்சு இத்தன வருஷமா? நீங்கதானே பேசுனீங்க. எடுங்க."

அவர் எடுக்கவில்லை. அவளே அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூடிய உதடு உள்ளே மடிந்து, முகமே சின்னதாகிவிட்டிருந்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவருக்கு வேறு வழியில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, மாலை போட்ட பஸ்ஸில் முதலில் ஏறுவது யாராக இருக்கும் என்று ஆரம்பித்தார். சகரமும் தகரமும் வழுக்கிக்கொண்டு போயின. பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. அவள் ஒன்றையும் விடாமல் கேட்டாள். புரியாத இடத்தில் நிறுத்தி, "என்ன சொன்னீங்க, மறுபடி சொல்லுங்க" என்றாள். ஒரு இடத்தில் அவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். பல்லில்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதற்கப்புறம் அவர் வாய் ஓயவில்லை. கட்டுப்பல் வந்தது. அது பேச்சுக்கு இடைஞ்சல் என்று கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். வேலைக்குத் திரும்பிப் போக முடியவில்லை. அந்த ஏக்கம் அவருக்கு இருந்தது. சாயங்காலத்தில் பொன்னுதுரை வந்து சொல்லிவிட்டுப் போகும் பஸ் கதைகளுக்குக் கைகால் முளைக்க வைத்து அவளிடம் சொல்வார். ஐம்பத்தொன்பதாம் வருஷம் தைப்பூசம் கழிந்து சில நாளில், களைத்த நெஞ்சு ஒரேயடியாக நின்றுபோயிற்று. அன்று காலையில்கூட அவளோடு பேசிக்கொண்டிருந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கலாம் என்றார்கள். வழக்கமாகச் சொல்வதுதான். அவர்கள் போன பிறகு பீவி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழுதுருங்கக்கா. மனசுல வச்சுக்காதீங்க."

"அவரு போனதுக்கு அழுதுட்டேன் பீவி" என்றாள் கமலவேணி. "சீக்குன்னு தெரியும், போவாருன்னும் தெரியும். அத எப்படியோ தாங்கிக்குவேன். போன பெறகு ஒண்ணர வருஷம் திரும்பி வந்து பேசுன மாதிரிதான் பேசிட்டுப் போனாரு. ஆனா அந்த ஒரு வருஷம் உசுரோட அந்தச் சன்னலோரத்துல உக்காந்திருந்தாரே. நான் எட்டி ஒரு எட்டு வச்சிருந்தா போதும். அந்த வருஷத்தத்தான் எங்க போயி அழுறதுன்னு தெரியல."